பற்றுச்சீட்டு இலக்கம் 417

அச்சுவேலி தெற்கில் எங்கள் ஞானவைரவருக்கு
முப்பது வருசத்துக்கு மேலாக மணி இல்லை.
ஷெல் விழுந்த கோபுரத்தில் புறாக்கள் குடியிருந்தன.
ஐயர் கைமணியை ஆட்டினால்
ஐஸ்பழக்காரன் வாறான் என்று பொடியள் சிரிப்பார்கள்.

ஏஜென்சி வில்வராசா வந்தார்.
மணியும் கோபுரமும் முழுக்க என்ர உபயம் என்றார்.
கேட்டது ஒன்றுதான்:
கும்பாபிஷேகத்தன்று முதல் காளாஞ்சி.

சபை கூடியது. எட்டுப் பேர், ஒரு தட்டு வடை.
எந்தெந்த வீட்டுப் பிள்ளைகளைக்
கனடா என்று சொல்லி ஏற்றி
எங்கே இறக்கினார் என்று
எல்லோருக்கும் தெரியும்.
இராசபூபதியின் மகன் கடைசியாகப் பேசியது டோகோவிலிருந்து;
அதுவும் நாலு வருசம்.
தலைவர் வடையைப் பிட்டபடி சொன்னார்:
"நாய் வித்த காசு குரைக்குமோ?"
சிரித்தோம். நானும்தான்.
பிறகு ஏனோ எல்லோரும் மண்டபத்துப் பக்கம் பார்த்தோம்.
வைரவரின் வாகனம்
நாக்கைத் தொங்கவிட்டபடி நின்றது.

பொருளாளர் நான்.
இருபது வருசத் தொழிலில் வில்வராசா
ஒருவருக்கும் ஒரு துண்டு எழுதிக் கொடுத்ததில்லை.
நான் அவருக்கு எழுதினேன்,
கார்பன் தாள் வைத்து, அழுத்தி.
கீழே "நன்றியுடன்" என்பது அச்சிலேயே இருக்கும்,
அதற்கு நான் பொறுப்பில்லை.

முதல் முறை கயிறு இழுத்தபோது
ஒழுங்கையில் ஒரு நாய் ஊளையிட்டது.
அடுத்த வளவில் இன்னொன்று.
பிறகு பத்தமேனி வரைக்கும்.
மேளகாரர் அடியை விட்டுவிட்டார்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
வில்வராசா காளாஞ்சித் தட்டை
இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை இராசபூபதி
கந்தோர் யன்னலுக்கு வந்தாள்.
"தம்பி, அந்த மணி என்ன விலை?"
சொன்னேன்.
"நான் நாலு பரப்பு வித்துக் குடுத்தனான்.
அதுக்கு மணியில எவ்வளவு தேறும்?"
கல்குலேட்டர் மேசையில்தான் கிடந்தது. தொடவில்லை.
"முழுக்க வேண்டாம். நடுவில தொங்குற நாக்கு?"
தேறும் என்றேன்.
"அப்ப நாக்கு என்ர."

பிறகு சில்லறையை எண்ணி வைத்து
ஒரு அர்ச்சனைத் துண்டு கேட்டாள்.
மகனின் பேர். அனுஷம்.
பூசைக்கு மணி அடிக்கத் தொடங்கியது.
எழுதிய பேரை நான் திருப்பி வாசித்தது
அவளுக்குக் கேட்கவில்லை.