கூச்சம்

பெருமாள்மலை ஸ்குவாஷ் கம்பெனியில்
எனக்கு வேலை ருசி பார்ப்பது.
ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள்
பதினான்கு கரண்டி பேஷன் ஃப்ரூட்,
பிறகு பிளம்ஸ், பிறகு எலுமிச்சை.
விழுங்க வேண்டியதில்லை, துப்பிவிடலாம்.
துப்பினேன்.
புளிப்பு மட்டும் பல்லோடு தங்கிக்கொண்டது.

பி.எச். மீட்டர் இரண்டு புள்ளி ஒன்பது காட்டும்,
பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
பாட்டிலுக்கு அது சரியான எண்.
பல்லுக்கு என்ன எண் என்று
நான்கு வருஷம் நான் கேட்கவில்லை.

மார்கழியில் தெரிந்தது.
மூஞ்சிக்கல் நிறுத்தம், கண்ணாடி இல்லாத ஜன்னல்,
பெல்சியிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.
காற்று உள்ளே வந்து
கீழ்வரிசையில் ஒரே ஒரு பல்லை
பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

அதன்பின் கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பு.
"ரெஜினாவுக்குக் கூச்சம் ஜாஸ்தி" என்றார் மேனேஜர்.
பொய்யில்லை.
எனக்கல்ல, பல்லுக்கு.

ஏழு ரோட்டில் டாக்டர் நாச்சம்மை
மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார்:
மேலே எனாமல், அங்கங்கே தேய்ந்து.
கீழே ஆயிரமாயிரம் குழாய்கள்,
முடியைவிட மெல்லியவை, உள்ளே நீர்.
குளிர் பட்டால் நீர் அசையும்,
அடியில் இருக்கும் நரம்பு அலறும்.

எனக்கு உடனே புரிந்தது.
ஊற்றிலிருந்து எங்கள் லைனுக்கு
சரிவெல்லாம் இறங்கி வரும் கறுப்பு ஹோஸ்,
மேலே ஒரு காட்டுமாடு மிதித்தால்
கீழே என் குடத்தில் தண்ணீர் துள்ளும்.

ஹோஸில் மண் அடைத்தால் வைகிறோம்.
இங்கே காசு கொடுத்து அடைக்கச் சொல்கிறார்.

பேஸ்ட் இரண்டு விதமாம்.
ஒன்றில் பொட்டாசியம். அது நரம்பின் பக்கத்தில் உட்கார்ந்து
"ஒன்றுமில்லை, படு" என்று
நாள்கணக்கில் தட்டிக்கொடுக்கும்.
இன்னொன்று குழாயின் வாயிலேயே மூடி போடும்.

"மூடி இரண்டு புள்ளி ஒன்பதில் நிற்குமா?"
டாக்டர் பேனாவை மூடினார்.
"சிலது நிற்கும். சிலது கரையும்.
மீட்டர் உங்களிடம்தானே இருக்கிறது?"

அந்த வாரம் பிடுங்கிய என் கடைவாய்ப் பல்லை
மூன்று துண்டாக அறுத்துக் கொடுத்தார்.
ஒன்றை வெறுமனே வைத்தேன்.
ஒன்றுக்குச் சுண்ணாம்பு வகை பேஸ்ட்,
ஒன்றுக்குத் தகர உப்பு வகை.
இரண்டு வாரம், காலையும் இரவும்
என் பல்லை என் வாய்க்கு வெளியே வைத்துத் தேய்த்தேன்.
பிறகு மூன்றும் பேஷன் ஃப்ரூட்டில், பத்து நிமிஷம்.
பிறகு லேபிளில் தேதி குத்துகிற நீல மை.

வெறும் துண்டு ஒற்றுத்தாள் மாதிரி குடித்தது.
சுண்ணாம்புத் துண்டு பாதி நீலம்,
மூடிகள் வந்த வழியே போயிருந்தன.
தகரத் துண்டில் ஏழெட்டுப் புள்ளிகள்.

ஒரே ஒரு பல். அதுவும் என்னுடையது.
இதை நிரூபணம் என்று
எந்தப் பதிவேட்டிலும் எழுதமாட்டேன்.
ஆனால் கடையில் எதைக் கேட்பது என்று தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. அது கொஞ்சம் வலித்தது.
பதினொன்று அடித்ததும் குழாயடிக்கு ஓடி
அழுத்தி அழுத்தித் தேய்ப்பேனே, சுத்தம் என்று,
அதுதான் தப்பு.
புளிப்பு பட்ட பல், காயாத சிமெண்ட் தரை.
விளக்குமாறோடு இறங்கியவள் நான்.
இப்போது தண்ணீரில் கொப்பளித்துவிட்டு
ஒரு மணி நேரம் சும்மா இருக்கிறேன்.
சும்மா இருப்பது தேய்ப்பதைவிடக் கஷ்டம்.

மாசியில் அதே பஸ், அதே ஜன்னல்.
"அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே?"
என்றாள் பெல்சி.
யோசித்தேன். மறந்துபோயிருந்தது.
ஆனாலும் வாயைத் திறந்தே வைத்திருந்தேன்,
மேகம் கொஞ்சம் உள்ளே வந்து
பார்த்துவிட்டுப் போகட்டும் என்று.