அறுபத்து நாலு சென்டிமீட்டர்

கைக்குழந்தைத் துணிக்கு
இதயம் வேண்டுமாம்.
டென்மார்க் மின்னஞ்சலைக்
கிருபாகரன் வாசித்தான்:
சிறிய இதயங்கள். கருப்பு, வெள்ளை. வியாழனுக்குள்.

ஏழு வருடமாய் நான் வரைவது
மேப்பிள் இலை, துலிப், தொப்பி போட்ட கரடி.
ஒன்றையும் தொட்டதில்லை.

மங்கலம் ரோட்டில்
எங்கள் யூனிட்டுக்குப் பின்னால்
ஜெனரேட்டர் கம்பிவலையில்
முடக்கத்தான் ஏறியிருக்கிறது,
புகை குடித்து, யாரும் நீர் விடாமல்.
டீ நேரத்தில் ஒரு காயைப் பறித்து அமுக்கினேன்.
டப்பென்றது.
மூன்று அறை. அறைக்கொன்றாய்
மிளகளவு கருப்பு விதை,
அதன்மேல் வெள்ளையாய், பிரஷ் நுனியால் வைத்ததுபோல்
ஒரு இதயம்.

ஸ்கேனரில் வைத்தால் உருண்டோடின.
பசை நாடாவில் ஒட்டி
நாற்பது விதையை நாற்பது தடவை வரைந்தேன்.
ஒன்றில் இதயம் கோணல்.
ஒன்றில் அது அவரைவிதை.
ஒன்றுக்கு நடுமடிப்பே இல்லை, வெறும் நிலாத்துண்டு.
ஒரு விதை மட்டும் சவ்வை விடவில்லை;
ஊசியால் நெம்பியபோதுதான் பார்த்தேன்,
ஒட்டியிருந்த இடம்தான்
இதயம்.

சித்த நேரம் வேலை ஓடவில்லை.

பிறகு கொடி.
பற்றுச்சுருள் பாதிவரை இடமாய்ச் சுற்றி
மீதியை வலமாய்ச் சுற்றுகிறது, ஏனென்று தெரியவில்லை,
அப்படியே போட்டேன்.
அறுபத்து நாலு சென்டிமீட்டருக்குள்
அது தன் வாலைத் தானே பிடித்தாக வேண்டும்.
உருளைக்கு அதுதான் கணக்கு.
கொடிக்குக் கணக்கு தெரியாது;
மேல் ஓரத்தில் வெளியே போன இலை
கீழ் ஓரத்தில் உள்ளே வந்து சேர
இரவு பதினொன்று ஆனது.

சாம்பிள் துணியை விளக்கில் பிடித்த
பிரிண்ட் மாஸ்டர் சென்னியப்பன்,
'ஏனுங் மேடம், மொடக்கத்தானுங்களா?
காலைலதான் தோசையா தின்னுட்டு வந்தனுங்.
அந்த ஊருக் கொழந்தைக்கு
இப்பவே மூட்டு வலியுங்களா?' என்றார்.
சாயக்கையோடு சிரித்தோம்.

திங்களன்று பதில் வந்தது.
மிக அழகு.
எல்லா இதயங்களையும்
ஒரே அளவில், நேராக வைக்க முடியுமா?

முடியும்.
வைத்தேன்.
நாற்பது விதையும் ஒரே விதையாயிற்று.
மூவாயிரம் கிலோ ஓடியது.

ஆனால் சிங்கிள் ஜெர்சி,
துவைக்கத் துவைக்க
தன் பக்கத்துக்கு முறுக்கிக்கொள்ளும் துணி.
நாலாவது துவைப்பில்
பக்கத் தையல் வயிற்றுக்கு வந்துவிடும்,
இதயமெல்லாம் ஒருமாதிரி
சாய்ந்து நிற்கும்,
ஒவ்வொரு குழந்தைமேலும் ஒவ்வொரு கோணத்தில்.

அதை நான்
மின்னஞ்சலில் எழுதவில்லை.