மறுமுனை

சம்பளத் துண்டின் பின்பக்கத்தில்
குசினியை வரைந்துவிட்டேன்.
கோடு நேராக வரவில்லை.
சுவரும் அப்படித்தான்.

தை பிறந்ததும் தொடங்கினால்
சித்திரை மழைக்குள் கூரையை மூடலாம் என்கிறார் குணசேன பாஸ்.
மலைக்கு ஆள் ஏறும் மாதங்கள்,
லொறிக்காரன் கூலியைக் கூட்டுவான்,
மணலை இப்போதே பறித்துப் போடு என்கிறார்.
எங்கே போட?
கோழிக்கூட்டுக்கும் பைப்படிக்கும் நடுவே
ஒரு கதிரை போட இடமில்லை.

துரைக்குக் கடிதம் கொடுத்தாயிற்று.
சுவரைத் தொடலாமாம்,
கூரையைத் தொடுமுன் கேட்க வேண்டுமாம்.
புகைபோக்கி சுவரா, கூரையா?
கிளார்க் ஐயா பேனாவை மூடிவிட்டு
அடுத்த கிழமை வா என்றார்.

அதுவரை கணக்கு.
சிமெந்து பதினாறு மூட்டை.
கல்லு முந்நூறு, உடைவதற்கென்று இன்னும் இருபது.
வெள்ளை ஓடு வேண்டாம், மஞ்சள் கறை பிடிக்கும்.
யதுர்ஷிகாவுக்கு வெள்ளைதான் வேண்டும்,
ஃபோனில் யாருடைய குசினியையோ காட்டுகிறாள்,
அதில் ஒரு சட்டிகூடக் கருகவில்லை.
மேடை எல்லாருக்கும் முப்பத்திநாலு அங்குலம்தான்
என்கிறார் பாஸ்.
எல்லாரும் என்றால் யார்?
விடிந்ததிலிருந்து தலைக்கயிற்றில் கூடை இழுத்தவளுக்கு
இரவில் ரொட்டிக்கு மா பிசைய
தோள் எவ்வளவு உயரும் என்று
அளந்து பார்த்தவரா?
முப்பது.
எழுதி, அடியில் இரண்டு கோடு.

ஜன்னல் ஒன்று. மலைப்பக்கம் வேண்டாம்,
அதை நாள் முழுக்கப் பார்க்கிறேன்.
ரோட்டுப்பக்கம் போதும்:
பள்ளிக்கூட பஸ் வளைவில் தெரிந்ததும்
கேத்தலை ஏற்றினால் சரியாக இருக்கும்.

தாஸ் வெள்ளவத்தையில்.
மாதத்துக்கு ஒருதரம் வருகிற மனுஷன்
ஃபோனில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்:
"எல்லாம் சரி, மூணு கிழமை எங்க சமைப்ப?"

எல்லாவற்றுக்கும் விலை எழுதிய தாளில்
இதற்கு மட்டும் இடம் வெறுமை.
இஸ்தோப்பில் அடுப்பு வைத்தால் காற்று தின்றுவிடும்.
கடைச்சாப்பாடு இரண்டு நாள் தாங்கும்.
மிச்சம் இருப்பது
சுவருக்கு அந்தப்பக்கம், ஜெபமலரின் அடுப்பு.

பைப்புத் தண்ணீரில் தொடங்கியது.
இரண்டு வருடமும் நாலு மாதமும்.
அவள் கருவாடு பொரித்தால் எனக்குத் தெரியும்,
நான் இருமினால் அவளுக்கு.
லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது.
கட்டினவன் கல்லை மிச்சம் பிடித்தான்,
நாங்கள் பேச்சை.

ஞாயிற்றுக்கிழமை.
மஸ்கெலியா டவுனில் அறுநூற்றைம்பது கொடுத்து
இரும்பு அளவுநாடா வாங்கி வந்தேன்.
நுனியை மூலையில் கல் வைத்து அழுத்திவிட்டு
இந்த மூலைக்கு வந்தால்
சர்ரென்று சுருண்டு கைக்குள் ஓடி வருகிறது.
அம்மிக் குழவியை வைத்தேன், உருண்டது.
உப்புச் சாடியை வைத்தேன்,
சாடி போனது.
மகள் டியூஷனில்.
நாலாம் தரம் கத்திவிட்டேன், யாரிடம் என்றில்லை:
"இந்தச் சனியன ஒரு ஆள் புடிச்சாத்தானே!"

அந்தப்பக்கம் தேங்காய் துருவும் சத்தம்
நின்றது.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
தகரத்தில் ஒரு காகம் நடந்தது.
பிறகு, சுவருக்கும் கூரைக்கும் இடையில்,
தொண்டையைச் செருமிக்கொண்டு:

"காம்பரா பத்துக்குப் பன்னெண்டு.
எதுக்குடி அளக்குற?
எல்லாருக்கும் ஒரே அளவுதானே கட்டி வச்சிருக்கான்."

"குசினி?"
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அது ஆறு. ஆறேகாலோ என்னமோ.
கதவ தொற, வாறேன்."

ஈரக் கையோடு வந்தாள், முடியில் தேங்காய்ப்பூ.
குனிந்து நுனியைப் பிடித்தாள்.
ஆறேகால்தான்.

அவள் போன பிறகு
தாளை எடுத்து, வெறுமையான இடத்தில் எழுதினேன்:
தேங்காய் இருபத்தொன்று.
லொறிக் கூலி இல்லை.