கரையிலிருந்து பார்த்தவன்

கப்பல் வந்த அன்று
எட்டாம் லொக் பக்கத்துப் புல்வெளியில்
மடிக்கும் கதிரைகளோடு சனம் கூடியிருந்தது.
இரண்டு இழுவைப் படகுகள், முன்னொன்று பின்னொன்று,
நடக்கமாட்டாத ஒருவரைக்
கழிவறைக்குக் கூட்டிப்போவதுபோல
மெதுவாக, வெட்கப்படவிடாமல்.
பெயரின்மேல் சாம்பல் பெயின்ட் அடித்திருந்தார்கள்.
ஆனாலும் எழுத்துகளின் விளிம்பு
மாலை வெயிலில் புடைத்துத் தெரிந்தது.

போர்ட் கோல்போர்ணில் எல்லாரிடமும் ஒரு யோசனை இருந்தது.
மியூசியமாக்கலாம் என்றார் பேக்கரி வெர்னா.
ஈரி ஏரியில் தாட்டுவிட்டால் மீன் குடியேறும்,
சுழியோடிகள் வருவார்கள் என்றது மீன்பிடிச் சங்கம்.
கலியாண மண்டபம் என்றுகூட ஒருவர்
(பகிடியில்லை, வரைபடம் கொண்டுவந்தார்).
ஒட்டாவாவில் காகிதங்கள் எப்போதோ முடிந்திருந்தன.
தொன்னுக்கு இவ்வளவு.

நான் இரும்பு வெட்டுகிறவன்.
ஒக்சிசன், புரோப்பேன், பதினொரு வருஷம்.
உப்பு ஏற்றிய கப்பல், கோதுமை ஏற்றிய கப்பல்
எத்தனையோ வெட்டியாயிற்று.
போர்க்கப்பலுக்குள் கால் வைத்தது இதுதான் முதல்.

அதுவரை எனக்கு அது
மணற்காட்டுக் கடலின் கடைசியில் ஒரு புள்ளி.
புள்ளி மின்னும்.
மின்னியதும் பங்கருக்குள் பாயவேண்டும்.
பாய்ந்தபின் எண்ணவேண்டும்.
பத்துவரை எண்ணி முடிந்தால்
அது வேறு யாருக்கோ.

ஆகவே ஏறியதும் பீரங்கியைத்தான் தேடினேன்.
ஹாலிஃபாக்ஸிலேயே கழற்றிவிட்டார்களாம்.
இருந்த இடத்தை அடைத்து ஒரு வட்டத் தகடு,
கிணற்று வாயளவு.
அதன் பள்ளத்தில் மழைத்தண்ணீர்.
கடற்காகம் ஒன்று குடித்துவிட்டு
என்னை ஏற இறங்கப் பார்த்தது.
பத்து நாளும் அந்த வட்டத்தைச் சுற்றித்தான் நடந்தேன்,
மிதிக்கவில்லை.

கீழ்த்தட்டில் மூன்றடுக்குப் படுக்கைகள்.
கதவில் ஒரு பலகை:
சத்தம் போடாதே, ஆட்கள் நித்திரை.
அதை இரண்டு தரம் வாசித்தேன்.
புள்ளிக்குள் நித்திரை கொள்வார்கள் என்று
நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

வேலிக்கு வெளியே ஒவ்வொரு காலையும்
அமெதே தெரியோ நிற்பார்.
நாற்பத்தேழாம் படுக்கை அவருடையதாம்,
மேலிருந்து இரண்டாவது.
'நேவியில் இருந்தாயா?'
'இல்லை. கரையிலிருந்து பார்த்திருக்கிறேன்.'
'அதுதான் நல்ல இடம்!' என்று
அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி ஆடியது.
தேர்மோஸ் மூடியில் கோப்பி ஊற்றி
கம்பி இடைவெளியால் நீட்டினார்.
சொல்லுகிற அளவுக்கு
என்னிடம் இங்கிலீஷ் இருந்தது.
கோப்பியும் சூடாக இருந்தது,
எங்கள் ஊர்க் கணக்கில் சீனி.

நாற்பத்தேழின் சட்டத்தில், தலைமாட்டில்,
ஐந்தைந்தாகக் கீறிய கோடுகள்.
வீட்டுக்குப் போக மிச்சமிருந்த நாட்கள்.
அந்தத் துண்டை மட்டும் தனியாக வெட்டி
கையைக் கீறாதபடி ஓரங்களை அராவி
மத்தியானச் சாப்பாட்டுப் பையில் வெளியே கொண்டுபோனேன்.
முந்நூறு கிராம் இருக்கும்.
தராசுக்குத் தெரியாது.

மிச்சம் லொறி லொறியாக ஹாமில்டன் போகிறது, உருக்க.
உருக்கி என்ன செய்வார்கள் என்று சாரதியைக் கேட்டேன்.
அடுப்பு, கார்க்கதவு, பாலத்துக்குக் கம்பி,
யாருக்குத் தெரியும், இன்னொரு கப்பலாகவும் இருக்கலாம் என்றான்.
நிறைச்சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான்.

வட்டத் தகட்டைக் கடைசிவரை விட்டுவைத்தேன்.
டிசம்பர் வந்து அதன் தண்ணீர் உறைந்துவிட்டது.
சுவாலையை வைத்தேன்.
முதலில் பனி, பிறகு பெயின்ட்,
பிறகுதான் இரும்பு.
சுற்றி வந்து கடைசி விரலளவும் அறுந்ததும்
தகடு கீழ்த்தட்டில் போய் விழுந்தது.

ஃபோர்மன் ஓடிவந்தான்.
நான் நிலத்தோடு நிலமாகக் கிடந்தேன்,
கையிரண்டும் தலைக்குமேல்.
அடிபட்டதா என்று கேட்டான்.
இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தபோது
ஏழு என்று வந்தது.