ஒழுக்கு

நவம்பர் பத்தொன்பது, இரவு பதினொன்றே கால்.
பாத்திரத் தொட்டியின் அடியில்
ஒரு குழாய் மனம் மாறிவிட்டது.

ப்ரெஸ்ட் நகரில் மழையைக் கண்டு
யாரும் ஆச்சரியப்படுவதில்லை.
வெளியே பெய்வதன் சத்தம்தான் என்று நினைத்துக்
கடல்நீரின் உப்பளவு பற்றிய அறிக்கையை
எழுதிக்கொண்டே இருந்தேன்.
காலுறை நனைந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

பத்து வாரமாக எனக்குப் பிரெஞ்சு தெரியும்.
ரொட்டிக் கடையில் தெரியும்.
டிராமில், பல்கலைக்கழக உணவகத்தில்,
விரலால் காட்ட முடிகிற எல்லா இடங்களிலும் தெரியும்.
தொலைபேசிக்கு விரல் கிடையாது.

கதவு தட்டப்பட்டது.
கீழ்வீட்டு க்வெனோலா, செவிலி.
இரவுப் பணிக்குக் கிளம்பிய கோட்டு,
கையில் சாலட் கிண்ணம்,
கிண்ணத்தில் என் தண்ணீர்
இரண்டு விரற்கடை உயரம்.
வேகமாக என்னவோ சொன்னாள்.
எனக்குத் தேறியவை மூன்று:
கூரை. மறுபடியும். நீ.

இதுவரை படிக்கட்டில் பார்த்தபோதெல்லாம்
"நீங்கள்" என்றவள்.
நீங்கள் இறங்கி நீ ஆவது
எங்களிடம் சண்டையிலும் நடக்கும்
சிநேகத்திலும் நடக்கும்.
இது எது என்று கேட்க
என்னிடம் இலக்கணம் போதவில்லை.
குழாய்க்காரர் எண்ணை என் கைபேசியில் அவளே அழுத்தி
கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டு
பஸ்ஸுக்கு ஓடினாள்.

"அப்க்ரால்" என்றது ஒரு குரல்
எதையோ மென்றபடி.
"என்னிடம் ஒரு ஃப்வீத் இருக்கிறது" என்றேன்.
ஆண்பாலில் சொல்லிவிட்டேன். அது பெண்பால்.
மேசை நாற்காலி மழை வெள்ளம் எல்லாவற்றையும்
அஃறிணை என்று ஒரே மூட்டையில் கட்டிய மொழியிலிருந்து வந்தவள் நான்.
இங்கே கரண்டி பெண், முள்கரண்டி பெண், கத்தி ஆண்.
என் இழுப்பறைக்குள்
ஒரு குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருக்கிறது.

அந்தச் சொல்லுக்கு வேலை இரண்டு.
ஒழுகுவதும் அதுதான்,
தப்பி ஓடுவதும் அதுதான்.
மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்:
"ஓடுவது யார், தண்ணீரா, நீங்களா?"

புரிந்தது.
ஒரு பிரெஞ்சுக் கிண்டல்
முகம் தெரியாமல், கை அசையாமல்,
ஈரக் காலோடு நிற்கையில்
முழுசாகப் புரிந்தது.
"தண்ணீர் மட்டும். இப்போதைக்கு" என்றேன்.
அவர் சிரித்தது காதில் கரகரத்தது.

கைபேசி எண் கேட்டார்.
நான்கு இருபது பத்து ஏழு:
இவர்களுக்குத் தொண்ணூற்றேழு அப்படித்தான்.
ஒவ்வொரு முறையும் மனசுக்குள் திட்டியபடி சொல்வேன்.
அன்றைக்கு ஏனோ நினைத்தேன்,
எங்கள் தொண்ணூறு மட்டும் யோக்கியமா?
நூறு வருவதற்குள்
நூறை வயிற்றில் வைத்துக்கொண்டு திரிகிறது.

இடது பக்கம், தரையோடு, சிவப்புத் திருகு.
சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் அகப்பட்டது.
திருகினேன். நின்றது.
வெளிமழை மட்டும் மிச்சம்.
நாளை வருகிறேன் என்றார்,
எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்.

துண்டைப் பிழிந்து பிழிந்து
தரை துடைக்கும்போது இன்னொன்று:
நம் சொல்லுக்கும் வேலை இரண்டு.
கூரை ஒழுகும்.
நல்லவர் நெறிப்படி ஒழுகுவர்.
பள்ளியில் ஒழுக்கத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டவர்கள்
ஒழுக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை.

காலை ஏழரை. கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு
கீழே போனேன்.
பணி முடிந்து வந்தவள்
ஒரு ஷூவைக் கழற்றி ஒரு ஷூவோடு நின்றாள்.
"காப்பி குடிக்கிறாயா?"
நீங்கள் என்று தொடங்கிய என் பதில்
நீ என்று முடிந்தது.
வினைமுற்று வழியிலேயே ஒழுகிவிட்டது.
அவள் திருத்தவில்லை.

மேலே காட்டினாள்.
கூரையில் பழுப்பாக ஒரு கறை,
ஓரங்கள் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தன.
மன்னிப்புக் கேட்கும் நீண்ட வாக்கியம் ஒன்று
மனப்பாடமாக இருந்தது.
அதை விட்டுவிட்டுக் கேட்டேன்,
கறை ஆணா, பெண்ணா?

"பெண்" என்றாள்
காப்பியை ஊற்றியபடி.
"போகவே மாட்டாள்."