பாதை வரும் வரை

தங்கச்சி சுவிஸிலிருந்து அனுப்பிய காசு
ஒரு வானுக்கு.
"மூன்று கோயில், ஒரே நாள்.
ஏசி வான் பிடி அக்கா, வெயிலில் அலையாதே.
நேர்த்தி என்ர, கால் மட்டும்தான் உன்ர."

நான் வான் பிடிக்கவில்லை.
திருக்கோவில் முருகனிடம்
அதைத்தான் முதலில் சொன்னேன்,
காலைப் பூசையில், பக்கத்தில் கடல் இரைய:
மிச்சத்தில் மூக்குக்கண்ணாடி மாற்றப்போறன்.
இடது கண்ணில் கீறல் விழுந்து ஏழு மாதம்.
பிள்ளைகளின் கணக்குக் கொப்பியில்
ஒன்றெல்லாம் பதினொன்றாய்த் தெரியுது.
முருகன் ஒன்றும் சொல்லவில்லை.
கீறலுக்கு இந்தப் பக்கம் ஒரு வேல்
அந்தப் பக்கம் ஒரு வேல்.

அக்கரைப்பற்று மட்டும் நின்றுகொண்டு.
அங்கிருந்து கல்முனை பஸ்ஸில் அரை ஆசனம்.
நிந்தவூரில் ஏறிய சித்தி நளீமா
மற்ற அரையில் இருந்து
ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தா.
மணிக்கட்டு.
சாம்பல் எலும்பில் மயிர்போல ஒரு கோடு.
பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தா:
"உங்களுக்கும் வெடிப்பா கா?"
இறங்கும்போது
அவவுடைய நல்ல கையால்
என் தேங்காய்ப் பையைத் தூக்கித் தந்தா.

களுவாஞ்சிக்குடியில் தேத்தண்ணி.
குருமண்வெளிக்கு ஓட்டோ.
துறையில் பாதை இல்லை, அக்கரையில் நிற்கிறது.

மற்ற ஊர்களில் பாதை கிடக்கும்,
ஆட்கள் போவார்கள்.
எங்கள் பக்கம் பாதை போய்விடும்,
ஆட்கள் கிடப்போம்.
ஏழு மோட்டார் சைக்கிள்,
ஐஸ்பெட்டியோடு ஒரு மீன்காரர்,
புல்லுக்கட்டைச் சீட்டில் கட்டிய குணநாயகம்,
தங்கச்சியின் நேர்த்தி,
நான்.
எழுவான்கரை வெயில் எல்லோருக்கும் ஒரே விலை.

இரும்புத் தட்டு கரையில் மோதி நின்றது.
ஏறினோம்.
வாவி நடுவில் ஒருவரும் பேசவில்லை.
புல்லுக்கட்டு என் தோளில் சாய்ந்து
சேற்று மணம் மணந்தது.
குணநாயகம் இரண்டுதரம் நிமிர்த்தினார்,
மூன்றாம் தரம் விட்டுவிட்டார்.

மண்டூரில்
வாயைத் துணியால் கட்டிய கப்புகனார்
திரைக்கு உள்ளே.
நாங்கள் வெளியே.
காட்ட ஒன்றுமில்லாத கோயிலில்
என் கண்ணும் மற்றவர் கண்ணும் சமம்.
முதல்முறையாக
கீறல் எங்கே என்று தேடவேண்டியிருந்தது.
தங்கச்சியின் பெயரைச் சொன்னேன்,
அவள் பிள்ளையின் பெயரைச் சொன்னேன்,
காசு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை.
அவருக்குத் துணி.
எனக்கு என்ன?

படுவான்கரைப் பஸ்
வயலுக்குள்ளால் உதறி உதறிப் போனது.
ஒரு மாட்டுப்பட்டி றோட்டைக் கடந்து முடியும்வரை
டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு
வெற்றிலை மடித்தார்.
கொக்கட்டிச்சோலையில் இறங்க மூன்று மணி.

பறங்கியர் முன்னால்
புல்லைத் தின்ற கல்மாடு என்பார்கள்.
படுத்திருக்கிறது.
அர்ச்சனைச் சிட்டையைப் பையில் தேட
கையில் வந்தது
வாவி கடந்து வந்த புல், ஒற்றைத் தாள்.
யாரும் பார்க்காமல் அதன் முன்னால் வைத்தேன்.
பார்க்கிற வயதா எனக்கு?
ஆனாலும் பார்த்தேன்.
கீறல் சரியாக அதன் தாடையில் ஓட,
நான் மூச்சு விட
மேலுதடு அங்கே, கீழுதடு இங்கே,
ஒருதரம் அசைந்தது.
கண்ணாடியைக் கழற்றி
சேலைத் தலைப்பில் துடைத்துப் போடுகையில்
புல் வைத்த இடத்தில் இல்லை.
காற்றும் இருந்தது, சொல்லவேண்டும்.

திரும்பும் பஸ் மண்முனைப் பாலத்தில் ஏறும்போது
தங்கச்சி போன் எடுத்தாள்.
"மூன்றும் முடிஞ்சுதா?"
முடிஞ்சுது.
"வான் நல்லாக் குளிருதா அக்கா?"
இரண்டு பக்க யன்னலும் திறந்து கிடக்க
வாவிக் காற்று என் தலைமுடியை
முன்சீட்டுக்காரரின் காதில் வீசியது.
"நல்லாக் குளிருது" என்றேன்.
பொய்யில்லை.

பின்னால் கொண்டக்டர்
பஸ் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினான்:
"மிச்சக் காசு ஆருக்கு?
ஆருடா இன்னும் மிச்சம் வாங்கல்ல?"