எத்தனையாவது மணி

கோட்டையைப் பிடித்தார்கள் என்கிறீர்கள்.
பிடிக்க அங்கே பிடி எதுவும் இல்லை.
அன்றைக்கு ராத்திரி போர்டில் இருந்தது நான்தான்,
பவளமணி, ஆபரேட்டர், இரண்டாம் நிலை.

அந்த வருஷம் மூன்று முதல்வர்கள்.
பெயர்ப்பலகை எழுதும் சிகாமணி
பெயிண்ட் டப்பாவை மூடிவிட்டுச்
சாக்பீஸுக்கு மாறியிருந்தான்.
“ஈரத்துணி போதும்க்கா, அழிக்க.”
காவலுக்கு நின்றவர்களுக்கு ஆடியிலிருந்து சம்பளம் இல்லை.
முனிரத்தினம் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுப்
பாரிமுனைக்கு மூட்டை இறக்கப் போவார்.
என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

எனக்கொரு பழக்கம்.
இணைப்பைக் கொடுத்துவிட்டு
எத்தனையாவது மணியில் எடுக்கிறார்கள் என்று எண்ணுவேன்.
சிகாமணியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.
சித்திரையில் உள்துறை ஆறாவது மணியில் எடுத்தது.
வைகாசியில் பதினொன்று.
குடிநீர் வாரியம் எடுக்கும், மூச்சு விடும், வைத்துவிடும்.
ஆவணியில் ஸ்டான்லியிலிருந்து ஒரு டாக்டர்,
ஜெனரேட்டருக்கு டீசல் கேட்டு.
ஏழு அறைகளுக்குப் போட்டேன்.
ஏழிலும் மணி அடித்தது,
ஊருக்குப் போனவர்கள் வீட்டில்
கட்டிப்போட்ட நாய் மாதிரி.
எட்டாவதாக
விதியில் இல்லாத ஒரு எண்ணைச் சுழற்றினேன்:
வியாசர்பாடி, கட்சி ஆபீஸ், மாடி.
இரண்டாவது மணி.
“சொல்லுங்க” என்றது ஒரு பெண்குரல்.
முக்கால் மணி நேரத்தில்
மீன்வண்டியில் போய்ச் சேர்ந்ததாம் டீசல்.

ஆட்சி மாறியது அன்றைக்குத்தான்.
தேதி என் நோட்டில் இருக்கிறது.

ஐப்பசியில் நடந்தது சடங்கு.
பேசின் பிரிட்ஜில் மின்சாரம் கைமாறியது,
ஷிஃப்ட் மாறும் நேரம், டிபன் பாக்ஸோடு.
நேப்பியர் பாலத்தில் குறுக்கே இரண்டு தண்ணி லாரி.
அடியில் கூவம் வழக்கம்போல
யாரையும் கேட்காமல் கடலுக்குப் போனது.

கடைசி முதல்வர் கூப்பிட்டார்.
“டெல்லியப் போடும்மா.”
வரிசையில் இருக்கிறீர்கள் என்றது பதிவுக்குரல்.
“கமிஷனரப் போடும்மா.”
பதினெட்டு. பத்தொன்பது.
“வேற யாராவது இருக்காங்களா?”
“நான் இருக்கேன் சார்.”
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு, சாப்பிட்டியா என்று கேட்டார்.
கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்றரைக்கு வந்தார்கள். நாற்பது பேர் இருக்கும்,
பாதிப்பேர் ரெயின்கோட்டில், பாதிப்பேர் நனைந்து.
முனிரத்தினம் கதவைத் திறந்துவிட்டு
பார்வையாளர் பதிவேட்டை நீட்டியிருக்கிறார். பழக்கதோஷம்.
நின்று எழுதியிருக்கிறார்கள்.
வந்த காரணம் என்ற கட்டத்தில் ஒரு பையன்
“ஆட்சி” என்று எழுதியிருந்தான், அழகான கையெழுத்து.
திரும்பிய நேரம் என்ற கட்டம்
இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

குரலை வைத்தே கண்டுபிடித்தேன்,
தில்லைக்கரசி.
செருப்பெல்லாம் சேறு, தூங்காத கண்.
“டீசல் அக்கா நீங்கதானா?” என்று
கையைப் பிடித்துக்கொண்டாள்.
வயரை அறுக்க வந்தவனை அதட்டி அனுப்பினாள்.
டீ வந்தது. பாதி குடித்தபின் கேட்டாள்:
“ராத்திரி அவங்க யார் யாருக்குப் பேசினாங்க,
எழுதிக் குடுத்துடுங்கக்கா.”
எனக்கு எண்ணத்தான் வரும், எழுத வராது என்றேன்.
நோட்டு சாப்பாட்டுக் கூடையில்,
மோர்மிளகாய்க்கு அடியில் இருந்தது.
அவள் கூடையைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
டீயைக் குடித்து முடித்தாள்.

மார்கழி பிறந்து எட்டு நாள்.
நேற்று அதே டாக்டர், ஸ்டான்லியிலிருந்து.
மாடிக்குப் போட்டேன், அவளுடைய அறைக்கு.
எடுத்தார்கள். எடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.
வேறு குரல்.

வராந்தாவில் சிகாமணி
பித்தளைப் பலகைக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு
என் ஜன்னல் வழியே கேட்டான்,
“எத்தனக்கா?”
சுற்றிலும் ஆள் இருந்தார்கள்.
கூடைக்குப் பின்னால்
நாலு விரல் காட்டினேன்.